இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம்: நாங்கள் சமாளித்த விதம்

புளோரன்ஸில் விடுதி மேசைமேல் ஒட்டியிருந்த தாளில் 'ஷோப்பெரோ' என்ற சொல்லைப் பார்த்தேன். வேலைநிறுத்தம். வியாழன் இரவு 9 மணி முதல் வெள்ளி இரவு 9 மணி வரை. வெள்ளி இரவுதான் ரோமில் எங்கள் விமானம். கூடவே முழங்கால் வலியோடு அம்மா. வயிற்றைக் கலக்கியது.

அன்றிரவு உட்கார்ந்து படித்தேன். அங்கே 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி போக்குவரத்து வேலைநிறுத்தத்தைக் குறைந்தது 10 நாள் முன்பே அறிவிக்க வேண்டும். போக்குவரத்து அமைச்சகத்தின் இணையதளத்திலேயே தேதி, ஊர், நேரம் எல்லாம் வரிசையாக இருக்கிறது. வேலைநிறுத்தம் நடந்தாலும் வார நாளில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை வட்டார ரயில்கள் ஓடும். தொலைதூர ரயில்களில் கட்டாயம் ஓடுபவைக்குத் தனிப் பட்டியல் உண்டு. வெள்ளி காலை ரோமுக்குப் போக எடுத்திருந்த எங்கள் 11 மணி வண்டி அதில் இல்லை.

சரி, காத்திருந்து பார்ப்பதில் அர்த்தமில்லை என்று வியாழன் மதியமே கிளம்பிவிட்டோம். ஒன்றரை மணி நேரத்தில் ரோம். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஃபியுமிச்சினோ ஊரிலேயே அறை எடுத்தோம். புளோரன்ஸில் ஓர் இரவு வாடகை போனதுதான் நஷ்டம். மறுநாள் எங்கள் பழைய வண்டி ரத்து. அம்மா கடற்கரையில் காலை நீட்டி உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

இப்போதெல்லாம் டிக்கெட் எடுக்கும்போதே, விமானத்துக்கு முந்தைய இரவை அதே ஊரில் வைத்துவிடுகிறேன். பத்து நாள் முன்பிருந்து அந்தப் பட்டியலைத் தினமும் பார்க்கிறேன்.