இஎஸ்பி32-இல் பின் தீர்ந்துவிட்டதா? 16 பின் கூட்டி, 8 ரிலே ஓட்டும் முறை

நாலு விளக்கு, ஒரு ஃபேன் என்று இஎஸ்பி32 போர்டில் (வைஃபை உள்ள சின்ன கண்ட்ரோலர் போர்டு) ஆரம்பித்த வீட்டு ஆட்டோமேஷன், சுவர் சுவிட்சுகளையும் மோட்டாரையும் சேர்க்கும் நாளில் முட்டி நிற்கும். போர்டில் காலியாகத் தெரிகிற பின்கள் நிறைய இருந்தாலும் எல்லாம் உதவாது.

30 கால் டெவ்கிட் போர்டில் வெளியே வருவது 25 ஜிபிஐஓ (உள்ளீடாகவோ அவுட்புட்டாகவோ பயன்படும் பின்). அதில் 34, 35, 36, 39 உள்ளீட்டுக்கு மட்டும். உள் புல்-அப்பும் (சும்மா இருக்கும் பின்னை உயர் நிலைக்கு இழுத்து வைக்கும் ரெசிஸ்டர்) கிடையாது. 1, 3 இரண்டும் சீரியல் போர்ட். 2, 5, 12, 15 ஆகியவற்றின் நிலையை போர்டு பூட் ஆகும்போது படிக்கும். குறிப்பாக 12-ஆம் பின்னை ஏதாவது உயரே இழுத்துப் பிடித்திருந்தால், ஃப்ளாஷ் மெமரியின் மின்னழுத்தம் 1.8 வோல்ட் என்று தப்பாக எடுத்துக்கொண்டு போர்டு பூட்டே ஆகாது. இத்தனையும் கழித்தால் கவலையில்லாமல் அவுட்புட் எடுக்க 15 மிஞ்சும்.

இன்னொரு போர்டு வாங்குவதைவிட எம்.சி.பி.23017 என்ற சிப் ஒன்றைச் சேர்ப்பது நல்லது. (வீட்டு ஃப்யூஸ் பெட்டியில் இருக்கும் எம்.சி.பி. வேறு, இது வேறு. குழப்பம் வேண்டாமென்று இங்கே சிப்பை 23017 என்றும் அதை பிரேக்கர் என்றும் எழுதுகிறோம்.) ஐ2சி-யின் (சிப்புகள் தங்களுக்குள் பேசும் முறை) இரண்டே வயரில் 16 பின் கிடைக்கும். முகவரியை மாற்றி அதே இரண்டு வயரில் 8 சிப் வரை, அதாவது 128 பின் வரை போகலாம்.

பின் கூட்டுவது ஒரு மாலை வேலை. கண்ட்ரோலர் தொங்கிப்போனால் ரிலே எந்த நிலையில் நிற்கும் என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம். கீழே உள்ள வயரிங் முழுக்க அதை வைத்தே அமைந்திருக்கிறது.

வாங்க வேண்டியவை

- 23017 மாட்யூல் அல்லது 28 கால் டிப் சிப் – 1
- யுஎல்என்2803 சிப் (எட்டு சேனல் டிரைவர்) – 1
- 5 வோல்ட் 8 சேனல் ரிலே போர்டு (லோ டிரிகர், அதாவது உள்ளீடு பூஜ்யமானால் ஆனாகும் வகை) – 1
- 5 வோல்ட் 3 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) – 1
- 1000 மைக்ரோஃபேரட் 16 வோல்ட் கெப்பாசிட்டர் – 1
- ரெசிஸ்டர்: 4.7 கிலோ ஓம் – 10, 10 கிலோ ஓம் – 1, 1 கிலோ ஓம் – 2
- 0.1 மைக்ரோஃபேரட் செராமிக் கெப்பாசிட்டர் – 8
- சோதனைக்கு இரண்டு எல்இடி, ஒரு மல்டிமீட்டர்

படி 1: முதலில் பவர்

புதியவர்களின் புராஜெக்ட் பாதி இங்கேதான் விழுகிறது. நீல நிற 5 வோல்ட் ரிலே ஒன்றின் காயில் சுமார் 70 மில்லிஆம்பியர் இழுக்கும். எட்டும் சேர்ந்து ஆனால் 570 வரை போகும். வைஃபை அனுப்பும் கணங்களில் இஎஸ்பி32-க்கு மட்டும் 500 மில்லிஆம்பியர் தர வேண்டும். ஆக மொத்தம் 1.1 ஆம்பியர். 600 மில்லிஆம்பியர் மட்டுமே தரும் சின்ன 3 வாட் பவர் மாட்யூலில் இதை ஓட்டினால், ஐந்தாவது ஆறாவது ரிலே ஆனாகும்போது போர்டு ரீசெட் ஆகும். லாகில் ‘பிரவுன்-அவுட்’ என்று வரும். கோடில் தேடிப் பயனில்லை.

எஸ்எம்பிஎஸ்-இலிருந்து இரண்டு ஜோடி வயர் தனித்தனியாக எடுங்கள்: ஒன்று ரிலே போர்டுக்கு, மற்றது இஎஸ்பி32-இன் 5 வோல்ட் பின்னுக்கு. 1000 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டரை ரிலே போர்டின் பவர் முனைகளுக்கு ஒட்டினாற்போல் வையுங்கள். ப்ளஸ், மைனஸ் பார்த்து. கிரவுண்ட் எல்லாவற்றுக்கும் பொது. டெவ்கிட்டில் யுஎஸ்பி கேபிளும் செருகியிருக்கும்போது வெளி 5 வோல்ட்டையும் கொடுக்காதீர்கள்.

படி 2: 23017 இணைப்பு

டிப் சிப்பின் கால் எண்படி:

- கால் 9 → இஎஸ்பி32-இன் 3.3 வோல்ட்
- கால் 10 → கிரவுண்ட்
- கால் 12 (எஸ்சிஎல்) → ஜிபிஐஓ 22
- கால் 13 (எஸ்டிஏ) → ஜிபிஐஓ 21
- கால் 15, 16, 17 (முகவரி) → மூன்றும் கிரவுண்ட்
- கால் 18 (ரீசெட்) → 10 கிலோ ஓம் வழியாக 3.3 வோல்ட்

சிப் 5 வோல்ட்டிலும் ஓடும் என்பதற்காக 5 வோல்ட் கொடுத்துவிடக் கூடாது. மாட்யூலில் உள்ள புல்-அப் ரெசிஸ்டர்கள் ஐ2சி வயரை 5 வோல்ட்டுக்கு இழுக்கும். இஎஸ்பி32 அதைத் தாங்கும்படி செய்யப்பட்டதல்ல. வெறும் சிப் என்றால் எஸ்டிஏ, எஸ்சிஎல் இரண்டிலும் 4.7 கிலோ ஓம் ஒவ்வொன்று 3.3 வோல்ட்டுக்குப் போடுங்கள். மாட்யூலில் பெரும்பாலும் அது ஏற்கெனவே இருக்கும். நாலு மாட்யூலை ஒரே வயரில் மாட்டினால் நாலு 4.7-உம் இணையாகச் சேர்ந்து 1.2 கிலோ ஓமுக்கு இறங்கிவிடும். அதற்கு மேல் கூட்டுவதானால் சில மாட்யூல்களின் புல்-அப்பைக் கழற்றிவிடுங்கள்.

படி 3: சிப் தெரிகிறதா?

இஎஸ்பிஹோம் (இஎஸ்பி32-க்கான வீட்டு ஆட்டோமேஷன் மென்பொருள்) பயன்படுத்துபவர்கள் ஐ2சி பகுதியில் எஸ்டிஏ 21, எஸ்சிஎல் 22 என்று கொடுத்து ஸ்கேனை ஆன் செய்யுங்கள். பூட் லாகில் ஹெக்ஸ் 20 என்ற முகவரி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் எஸ்டிஏ-வும் எஸ்சிஎல்-உம் இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, இரண்டு வயரும் சும்மா இருக்கும்போது மல்டிமீட்டரில் 3.3 வோல்ட் காட்ட வேண்டும். பூஜ்யம் என்றால் புல்-அப் இல்லை, அல்லது எங்கோ ஷார்ட். ஒரு முறை 20, மறுமுறை 24 என்று முகவரி ஊசலாடினால் முகவரிக் கால் ஒன்று அந்தரத்தில் தொங்குகிறது. சிப் வந்து வந்து மறைந்தால் ரீசெட் காலைச் சந்தேகப்படுங்கள்.

பின் ஒதுக்கீட்டில் ஒரு வில்லங்கம் உண்டு. மென்பொருளில் 0 முதல் 7 வரை ஏ பக்கம், 8 முதல் 15 வரை பி பக்கம். இதில் 7-ஐயும் 15-ஐயும் அவுட்புட்டாக மட்டும் பயன்படுத்தச் சொல்கிறது தயாரிப்பாளரின் 2022-ஆம் ஆண்டு டேட்டாஷீட் திருத்தம். பழைய கட்டுரைகளில் இது இருக்காது. எனவே 0–7 எட்டு ரிலேக்கு, 8–14 ஏழு சுவர் சுவிட்சுக்கு, 15 ஒரு எல்இடிக்கு என்று பிரித்துக்கொண்டால் சண்டை இல்லை.

ரிலேயைத் தொடுமுன் 0-ஆம் பின்னிலும் 15-ஆம் பின்னிலும் 1 கிலோ ஓமுடன் எல்இடி மாட்டி ஏற்றி அணைத்துப் பாருங்கள்.

படி 4: ரிலே போர்டு, நடுவில் யுஎல்என்2803

ரிலே போர்டை 23017-இல் நேரடியாக மாட்டச் சொல்லும் படங்கள் இணையத்தில் நிறைய. அப்படி மாட்டினால் போர்டுக்கு 5 வோல்ட்டும் சிக்னலுக்கு 3.3 வோல்ட்டும் ஆகிறது. ‘ஆஃப்’ என்று 3.3 வோல்ட் கொடுக்கும்போதும் 1.7 வோல்ட் வித்தியாசம் மிஞ்சி, சில போர்டுகளில் எல்இடி மங்கலாக எரியும். சிக்னல் பக்கத்தை 3.3 வோல்ட்டில் ஓட்டினால் ஆப்டோகப்ளருக்குக் (சிக்னலை ஒளியால் கடத்தி இரு பக்கத்தையும் பிரித்து வைக்கும் சிப்) கரண்ட் போதாமல் சில ரிலே ஒட்டாது.

லோ டிரிகர் போர்டில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. 23017-இன் பின்கள் பவர் வந்ததும் உள்ளீடாக இருக்கும். கோட் அவற்றை அவுட்புட்டாக மாற்றும் கணத்தில் இயல்பு மதிப்பு பூஜ்யம். பூஜ்யம் என்றால் லோ டிரிகர் போர்டுக்கு ‘ஆன்’. மின்சாரம் போய் வரும்போதெல்லாம் எட்டு ரிலேயும் ‘டக்’ என்று ஒருமுறை அடிப்பது இதனால்தான்.

யுஎல்என்2803 இந்த இரண்டையும் தீர்த்துவிடும். கால் 1–8 உள்ளீடு: 23017-இன் 0–7 பின்கள். கால் 18–11 அவுட்புட்: ரிலே போர்டின் உள்ளீடுகள் எட்டு (1-க்கு எதிரே 18, 8-க்கு எதிரே 11). கால் 9 கிரவுண்ட். கால் 10-ஐ விட்டுவிடலாம். இப்போது பின் உயர்ந்தால் யுஎல்என் ரிலே உள்ளீட்டைக் கீழே இழுக்கும், ரிலே ஆன். பின் பூஜ்யமானாலும், அந்தரத்தில் இருந்தாலும் ரிலே ஆஃப். மென்பொருளில் தலைகீழ் அமைப்பு எதுவும் தேவையில்லை. மீட்பு நிலையை (போர்டு மீண்டும் கிளம்பும்போது ரிலே இருக்க வேண்டிய நிலை) ‘எப்போதும் ஆஃப்’ என்று வையுங்கள். ஆப்டோகப்ளரின் பிரிப்பு போய்விடுமே என்று கேட்கலாம். ஒரே எஸ்எம்பிஎஸ்-இல் இரண்டு பக்கமும் ஓடும்போது அது முதலிலேயே இல்லை; 230 வோல்ட்டைப் பிரிப்பது ரிலேதான்.

படி 5: சுவர் சுவிட்சுகள்

23017-இன் உள் புல்-அப் 100 கிலோ ஓம். பிரெட்போர்டில் போதும், சுவருக்குள் ஓடும் 5 மீட்டர் வயருக்குப் போதாது. பக்கத்து மின்வயரிலிருந்து தூண்டல் ஏறி, யாரும் தொடாமலே விளக்கு எரியும். ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் 4.7 கிலோ ஓம் 3.3 வோல்ட்டுக்கு, 0.1 மைக்ரோஃபேரட் கிரவுண்டுக்கு. மென்பொருளில் 50 மில்லிசெகண்ட் தாமத வடிகட்டி. இந்த வயர்களை 230 வோல்ட் வயர் போகும் அதே குழாயில் விடவே கூடாது.

படி 6: 230 வோல்ட் பக்கம்

பிரேக்கரை அணைத்து, டெஸ்டரை நம்பாமல் மல்டிமீட்டரிலும் பார்த்த பிறகே கை வையுங்கள். பழக்கமில்லாதவர்கள் இந்தப் படியை எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள். ரிலே பேஸை வெட்ட வேண்டும், நியூட்ரலை அல்ல. லைனில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் லைனை வெட்டும் சுவிட்ச்) இருக்கட்டும்.

ரிலேயின் மேல் 10 ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பது ஹீட்டர் மாதிரியான லோடுக்கான கணக்கு. விளக்கு, ஃபேனுக்குச் சரி. 2 கிலோவாட் கீசரே 8.7 ஆம்பியர், 3 கிலோவாட் 13. 1 எச்பி மோட்டார் கிளம்பும்போது ஓடும் கரண்டைப்போலப் பல மடங்கு இழுக்கும். சின்ன ரிலேயின் கான்டாக்ட் ஒட்டிக்கொள்ளும், பிறகு கோட் என்ன சொன்னாலும் மோட்டார் நிற்காது. இவற்றுக்குத் தனி கான்டாக்டர் (பெரிய லோடுக்கான பெரிய ரிலே) போட்டு, அதன் காயிலை மட்டும் ரிலே ஓட்டட்டும். அந்த ரிலே கான்டாக்டுக்குக் குறுக்கே 100 ஓமும் 0.1 மைக்ரோஃபேரட் எக்ஸ்2 கெப்பாசிட்டரும் தொடராக வைத்தால் தீப்பொறி குறையும், இஎஸ்பி32 காரணமில்லாமல் ரீசெட் ஆவதும் நிற்கும்.

மோட்டாருக்கு இதுவும் போதாது. இஎஸ்பி32 தொங்கிப்போனாலோ தானாக ரீஸ்டார்ட் ஆனாலோ 23017-க்கு அது தெரியாது. அடுத்த கட்டளை வரும் வரை கடைசியாகச் சொன்ன நிலையிலேயே ரிலேயைப் பிடித்துக்கொண்டிருக்கும். மேல்தொட்டி வழிந்துகொண்டே இருக்கும். 230 வோல்ட்டுக்கான கேபிள் வகை ஃப்ளோட் சுவிட்ச் ஒன்றை, தொட்டி நிறைந்தால் திறக்கும்படி, கான்டாக்டர் காயிலுக்குத் தொடராக இணையுங்கள். மென்பொருள் செத்துக் கிடந்தாலும் தண்ணீர் ஏறியதும் மோட்டார் நிற்கும்.

23017-இல் மாட்டக் கூடாதவை

தண்ணீர் ஃப்ளோ சென்சார் ஒரு லிட்டருக்குச் சுமார் 450 பல்ஸ் தரும் வகை என்றால், அதை எண்ண இஎஸ்பி32-இன் சொந்தப் பின் வேண்டும். 23017 வழியாகப் போனால் எண்ணிக்கை தவறும். சென்சார் 5 வோல்ட் என்பதால் நடுவில் ரெசிஸ்டர் டிவைடர் (மின்னழுத்தத்தைக் குறைக்கும் இரண்டு ரெசிஸ்டர்) வையுங்கள். அனலாக் சென்சார்களுக்கு ஏடிஎஸ்1115 (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் சிப்) போதும்: நாலு சேனல், அதே ஐ2சி வயர், முகவரி ஹெக்ஸ் 48-இல் தொடங்குவதால் மோதலும் வராது. வெப்பநிலைக்கு டிஎஸ்18பி20, ஒரே டேட்டா வயரில் பல சென்சார், 4.7 கிலோ ஓம் புல்-அப் ஒன்று. எப்போதாவது 85 டிகிரி என்று காட்டினால் வீடு எரியவில்லை. பவர் வந்ததும் அது வைத்திருக்கும் தொடக்க மதிப்பு அது.

ஐ2சி-யை மொட்டை மாடி வரை இழுக்க ஆசைப்படாதீர்கள். ஒரு போர்டிலிருந்து பக்கத்துப் போர்டுக்குப் போக உருவானது அது. வயர் ஒரு மீட்டரைத் தாண்டினாலே அடம் பிடிக்கத் தொடங்கும். தொட்டி மட்டச் சென்சாருக்கு மாடியில் தனி இஎஸ்பி32 வைத்து வைஃபையில் பேசவிடலாம். வைஃபை எட்டாவிட்டால் நீண்ட வயரில் பேசுவதற்கான ஆர்எஸ்485: முறுக்கிய ஜோடி வயர், இரு முனையிலும் 120 ஓம், 3.3 வோல்ட்டில் ஓடும் மேக்ஸ்3485 மாட்யூல். பரவலாகக் கிடைக்கும் மேக்ஸ்485 5 வோல்ட் சிப் என்பதால் கடையில் பெயரைச் சரியாகப் படித்து வாங்குங்கள்.