தினம் ஒரு டாரட் சீட்டு: ஆரம்பிப்பவர்களுக்குப் படிப்படியாக

குறி பார்க்கப் பயன்படும் படச் சீட்டுகளான டாரட் கட்டு வாங்கிய முதல் எட்டு மாதம் அது அலமாரியில்தான் கிடந்தது. ஏதாவது பெரிய குழப்பம் வந்தால் மட்டும் எடுப்பேன், கெல்டிக் கிராஸ் முறையில் பத்துச் சீட்டைப் பரப்புவேன், பத்தும் பத்துத் திசையில் பேசும், மூடி வைத்துவிடுவேன். இப்போது இரண்டு வருடமாகத் தினமும் காலையில் ஒரே ஒரு சீட்டு. அந்தப் பழக்கம் எப்படி நிலைத்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். 78 சீட்டு, அதில் 22 பெரிய அர்க்கானா (மரணம், சூரியன் என்று பெயருள்ள தனிச் சீட்டுகள்), 56 சின்ன அர்க்கானா (நாணயம், வாள் என்று நாலு இனமாக வரும் சீட்டுகள்) என்பதெல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. கட்டு

முதல் கட்டு ரைடர்-வெயிட்-ஸ்மித் ஆக இருக்கட்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. மார்செய் என்ற பழைய பிரெஞ்சு வகைக் கட்டுகளில் ஐந்து நாணயம் என்றால் ஐந்து நாணயம் மட்டும்தான் வரைந்திருக்கும், புதியவர் அதில் எதைப் பார்ப்பது? 1909இல் லண்டனில் வெளிவந்த இந்தக் கட்டில்தான் பமேலா கோல்மன் ஸ்மித் சின்ன அர்க்கானாவுக்கும், பெரும்பாலான சீட்டுகளில் ஆட்களோடு, காட்சி வரைந்தார். ரைடர் என்பது பதிப்பகம். கட்டைத் திட்டமிட்ட வெயிட் என்ன வேண்டும் என்று சொன்னார், வரைந்தது முழுக்க ஸ்மித். சில மாதங்களில் முடித்த அந்த வேலைக்கு அவருக்குக் கிடைத்த பணம் மிகக் குறைவு, அதை அவரே ஒரு நண்பருக்குக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். ரொம்ப காலம் கட்டின் பெயரில்கூட அவர் இல்லை. அதனால்தான் 'ரைடர்-வெயிட்' என்று நிறுத்தாமல் ஸ்மித்தையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். சீட்டுகளின் ஓரத்தில் கொடிபோல வளைந்த சின்னக் கையெழுத்து இருக்கும், தேடிப் பாருங்கள்.

2. நேரம்

'தினமும் காலையில்' என்று முடிவு செய்தால் நாலு நாள்தான் ஓடும். ஏற்கெனவே தவறாமல் செய்கிற ஒரு வேலையோடு முடிச்சுப் போடுங்கள். எனக்கு அது ஃபில்டரில் டிகாஷன் இறங்கும் நேரம். கட்டு அலமாரியில் இருந்தவரை கை போகவே இல்லை, காபிப் பொடி டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு துணிப்பையில் வைத்த பிறகு ஒரு நாள்கூட மறக்கவில்லை. (ஈரம் படாத இடமாகப் பாருங்கள், நீர் பட்டால் ஓரம் ஊதிவிடும்.)

3. கலைப்பது

இந்தச் சீட்டுகள் ரம்மிச் சீட்டைவிடப் பெரியவை, சின்னக் கைக்கு அடங்காது. வளைத்துக் கலைக்க வேண்டாம், மேசையில் குப்புறப் பரப்பி இரண்டு கையாலும் கலந்துவிட்டுச் சேருங்கள். போதும்.

4. கேள்வி

'இன்று என்ன நடக்கும்?' என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் நாள் முழுக்கச் சீட்டு பலிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்போம். நான் கேட்பது: 'இன்று நான் எதைக் கவனிக்காமல் விடப் பார்க்கிறேன்?'

5. புத்தகத்துக்கு முன்னால் படம்

நான் தடுக்கி விழுந்த இடம் இது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். ஆரம்பத்தில் சீட்டைத் திருப்பியதும் கூடவந்த சின்னப் புத்தகத்தைப் புரட்டுவேன். ஒரு மாதக் கடைசியில் ஐந்து நாணயம் வந்தது. பொருள்: பணக்கஷ்டம், இழப்பு. அன்று முழுக்கப் பயம், வங்கிக் கணக்கை நாலு முறை பார்த்தேன், எதுவும் நடக்கவில்லை. மூன்று நாள் கழித்து அதே சீட்டு. அன்று புத்தகம் கையில் இல்லை, வேறு வழியில்லாமல் படத்தையே பார்த்தேன். பனி கொட்டுகிறது. கவட்டுக்கட்டை ஊன்றி ஒருவர் நடக்கிறார், கழுத்தில் ஒரு மணி. முன்னால் ஒரு பெண், வெறுங்கால், தலையோடு போர்த்திய கந்தல். அவர்களுக்கு மேலே வண்ணக் கண்ணாடி ஜன்னல், உள்ளே விளக்கு எரிகிறது. இருவருமே அதை நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்கு உடனே அக்கா ஞாபகம் வந்தது. அப்பாவின் அறுவைச் சிகிச்சைக்கு அலைந்த அந்த மாதத்தில் அவள் 'நான் வரட்டுமா, சொல்லு' என்று இரண்டு தடவை கேட்டிருந்தாள், நான் 'பரவாயில்லக்கா' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று காபி குடித்த கையோடு போன் செய்து வரச் சொன்னேன்.

அதனால் முதல் ஒரு நிமிடம் படம் மட்டும். யார் இருக்கிறார்கள், எந்தப் பக்கம் பார்க்கிறார்கள், கையில் என்ன, வானம் எப்படி, முதலில் என் கண் போனது எங்கே? அப்புறம் புத்தகம் பாருங்கள், தப்பில்லை. கிளி ஜோசியக்காரரிடம் போனால் கிளி எடுத்த சீட்டை அவர் படித்துச் சொல்வார், இங்கே படிக்கிற ஆளும் நாம்தான்.

6. எழுதுவது

காலையில் இரண்டு வரி, ராத்திரி ஒரு வரி. செயலிகள் நிறைய இருக்கின்றன, நான் மூன்றைப் போட்டுப் பார்த்துவிட்டு நாற்பது பக்க நோட்டுக்கே திரும்பினேன். செயலியைத் திறந்தால் பொருள் முன்னாலேயே வந்து நிற்கிறது, ஐந்தாம் படி அங்கேயே கெட்டுவிடும். ராத்திரி வரியை விட்டுவிடாதீர்கள், சீட்டு நமக்குப் பழகுவதே அங்கேதான்.

7. மறுபடி எடுக்காதீர்கள்

பிடிக்காத சீட்டு வந்தால் 'இன்னொன்று எடுத்துத் தெளிவாக்கிக்கொள்ளலாம்' என்று தோன்றும். வேண்டாம். மரணச் சீட்டு வந்தாலும் அதோடு இருங்கள். வெள்ளைக் குதிரைமேல் வரும் எலும்புக்கூட்டைத் தாண்டிப் பின்னால் பாருங்கள், இரண்டு கோபுரங்களுக்கு நடுவே சூரியன் இருக்கும்.

பின்சேர்க்கை (கருத்துப் பெட்டியில் வந்த கேள்விகளுக்காக)

தலைகீழாக வந்தால் என்ன செய்வது என்று பலர் கேட்டிருந்தீர்கள். முதல் மூன்று மாதம் நேராகத் திருப்பி வைத்துப் படியுங்கள். 78 படங்களும் முகம் பழகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒரே வாரத்தில் ஒரு சீட்டு இரண்டு முறை வந்தது, பயமாக இருக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். தினமும் முழுக் கட்டையும் கலைத்து ஒன்று எடுத்தால், ஏழு நாளில் ஏதோ ஒரு சீட்டு திரும்ப வர ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. ஒரு மாதத்தில் எதுவுமே திரும்ப வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். பயப்பட வேண்டாம், ஆனால் முதல் தடவை எழுதிய வரியை எடுத்துப் படியுங்கள்.

'வீட்டில் வைக்கக்கூடாது என்கிறார் அம்மா' என்று ஒரு தங்கை கேட்டிருந்தாள். இவை 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாட்டுச் சீட்டாகப் பிறந்தவை என்று அம்மாவிடம் சொல்லு. குறி பார்ப்பது பரவியது 18ஆம் நூற்றாண்டில், பிரான்சில். அங்கே இன்றும் நாலு பேர் உட்கார்ந்து டாரட்டை ஆட்டமாக ஆடுகிறார்கள். அப்படியும் அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை என்றால் வற்புறுத்தாதே. ஒரு நாள் அவரையே ஒரு சீட்டு எடுக்கச் சொல், பொருள் எதுவும் சொல்லாமல் படத்தில் என்ன தெரிகிறது என்று மட்டும் கேள்.