சர்க்கரை நோயால் ஆறாத கால் புண்: வீட்டில் கட்டு மாற்றுவது எப்படி?

அம்மாவின் வலது பாதத்தில், பெருவிரலுக்கு அடியில் வந்த புண் ஆற ஏழு மாதம் பிடித்தது. வந்த காரணம் ஒரு புளியங்கொட்டை. செருப்புக்குள் அது கிடந்தது தெரியாமல் கல்யாண வீடு முழுக்க நடந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியபோது உள்ளே பிசுபிசுவென்று ஈரம். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போயிருந்ததால் துளி வலி இல்லை. ஏழு மாதத்தில் முதல் நான்கு மாதம் என் அறியாமையால் வீணானது. அதனால்தான் இதை எழுதுகிறேன். உணவு, மாத்திரை, இன்சுலின் பற்றியெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது வீட்டுக்கு வீடு தெரிந்த பாடம்.

1. முதலில் டாக்டர்

கட்டு போடக் கற்றுக்கொள்ளும் முன் இரண்டு கேள்விக்கு டாக்டரிடம் பதில் வாங்குங்கள். பாதத்துக்கு ரத்த ஓட்டம் போதுமா? புண் எலும்பைத் தொட்டுவிட்டதா? இதில் ஒன்று சிக்கல் என்றாலும் வீட்டு வைத்தியம் உதவாது. புண்ணைச் சுற்றிக் காய்த்துப்போன தோலைச் சீவுவதும் அவர்கள் வேலை. வீட்டில் பிளேடை எடுக்காதீர்கள்.

2. வாங்க வேண்டியவை

நார்மல் சலைன் (கிருமி நீக்கிய உப்புநீர்), கிருமி நீக்கிய காஸ் துணி, கையுறை, ரோலர் பேண்டேஜ், மைக்ரோபோர் டேப். சலைனை 100 மில்லி பாட்டிலாக வாங்குங்கள். திறந்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது; பெரிய பாட்டில் வாங்கிப் பாதியைக் கொட்டியவன் சொல்கிறேன். பஞ்சு வேண்டவே வேண்டாம், இழை புண்ணில் ஒட்டிக்கொள்ளும். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் நுரை பொங்கும், ஏதோ வேலை நடப்பதுபோல் நமக்கும் திருப்தியாக இருக்கும். ஆனால் புதிதாக வளரும் சதையையும் சேர்த்தே அது கெடுக்கிறது.

3. கட்டு மாற்றுதல்

சோப்பு போட்டுக் கை கழுவி, கையுறை மாட்டுங்கள். பழைய காஸ் காய்ந்து ஒட்டியிருந்தால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். அம்மாவுக்கு வலிக்காததால் நான் தினமும் அப்படித்தான் இழுத்தேன். ஒருநாள் துணியோடு இளஞ்சிவப்பாக ஒரு படலம் வந்தது. முந்தைய வாரம் முழுக்க வளர்ந்த புதுச் சதை அது. சலைனை ஊற்றி ஐந்து நிமிடம் ஊறவிட்டால் துணி தானாகக் கழன்று வரும்.

பிறகு புண்ணைச் சலைனால் கழுவி, சுற்றியுள்ள தோலை ஒற்றித் துடைத்து, டாக்டர் சொன்ன மருந்துத் துணியை வைத்து, அதன்மேல் காஸ், அதன்மேல் பேண்டேஜ். இறுக்கிச் சுற்றாதீர்கள். விரல் நுனிகள் வெளியே தெரியட்டும். நிறம் மாறினால் கண்ணில் படும். காலை வெந்நீரில் ஊறவைக்க வேண்டாம். சூடு தெரியாத காலில் கொப்புளம் வந்தால் அது இன்னொரு புண்.

ஞாயிறுதோறும் பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு போட்டோ எடுங்கள். நான்கு வாரத்தில் புண் ஏறக்குறைய பாதியாகச் சுருங்கவில்லை என்றால் எங்கோ தப்பு, மறுபடி டாக்டரிடம் போக வேண்டும். எங்களுக்கு நான்கு போட்டோவும் ஒரே மாதிரி இருந்தன. சர்க்கரை அளவு சரி, ரத்த ஓட்டம் சரி, மருந்தும் சரி.

4. அந்த இடத்தில் மிதிக்காமல் இருப்பது

நான் சறுக்கியது இங்கேதான். மேலே என்ன தடவுகிறோம் என்பதிலேயே என் புத்தி இருந்தது. அம்மாவோ அதே புண்ணை மிதித்துக்கொண்டு சமையலறைக்கும் பூஜையறைக்கும் நடந்துகொண்டிருந்தார். வலி இருந்தால் நொண்டியிருப்பார். இல்லாததால் முழு எடையையும் வைத்தார்.

1946ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கால்களைப் பார்த்துக் கண்டுகொண்டதும் இதைத்தான்: உணர்ச்சியற்ற பாதத்தின் ஒரே இடத்தில் அழுத்தம் திரும்பத் திரும்ப விழுவதால் புண் வருகிறது. சர்க்கரைக் காலுக்கும் அதே கதை.

புண்ணில் விழும் அழுத்தத்தைக் குறைக்க, டாக்டர் முழங்கால்வரை வரும் கழற்றக்கூடிய பூட் ஒன்றைக் கொடுத்தார். வெளியே போனால் மாட்டுவார், வீட்டுக்குள் கழற்றிவிடுவார். "பாத்ரூமுக்கு நாலு எட்டு, அதுக்கு எதுக்குப்பா?" அந்த நாலு எட்டு ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று எண்ணிப் பாருங்கள். 2003ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், இத்தகைய பூட் வாங்கியவர்கள் தங்கள் அன்றாட நடமாட்டத்தில் 28 சதவீதத்துக்குத்தான் அதைப் போட்டிருந்தார்கள். அம்மா மட்டும் விதிவிலக்கா என்ன!

கடைசியில் டாக்டர் அந்த பூட்டின் மேலேயே மாவுக்கட்டுப் பட்டையைச் சுற்றி, கழற்ற முடியாதபடி செய்துவிட்டார். கட்டு மாற்ற வாரம் ஒருமுறை அங்கேயே போனோம். அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் ஆறாவது வாரம் புண் பட்டாணி அளவுக்கு வந்துவிட்டது. சீழ் இருந்தாலோ ரத்த ஓட்டம் குறைவாக இருந்தாலோ இப்படிப் பூட்டிவைப்பது ஆபத்து. டாக்டர் பார்த்துச் சொன்னால் மட்டுமே.

அன்றைக்கே ஓட வேண்டிய நிலை

புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவுவது, நாற்றம், கருப்பு, காய்ச்சல், காரணமில்லாமல் சர்க்கரை எகிறுவது. வலி இல்லையே என்று காலைவரை காத்திருக்க வேண்டாம்.

பின்சேர்க்கை: மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்துப் பூசலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். வேண்டாம். மஞ்சள் பூசினால் சிவப்பு பரவுகிறதா என்பதே கண்ணுக்குத் தெரியாது. இன்னொருவர், பூட் போட்டதும் அப்பா தடுமாறி விழப்போனதாக எழுதியிருந்தார். பூட்டின் அடிப்பாகம் உயரம், அதனால் இரண்டு காலும் சமமாக இருக்காது. செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து மறுகால் செருப்புக்கு அடியில் அதே உயரத்துக்கு ரப்பர் ஒட்டி வாங்குங்கள். இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

அம்மா இப்போது வீட்டுக்குள்ளும் எம்.சி.ஆர். (மெத்தென்ற ரப்பர் அடி வைத்த) செருப்புதான். மாட்டும் முன் உள்ளே கைவிட்டுத் துழாவுகிறார். போன வாரம் ஒரு மூக்குத்தித் திருகாணி கிடைத்தது. தங்கை ஒரு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தது.