பாதி வகுப்பு வீட்டில் இருக்கையில் மாணவரின் திருப்தியை அறிவது எப்படி?

2022இல் இலங்கையின் எரிபொருள் நெருக்கடியில் பாடசாலைகள் வாரத்தில் மூன்று நாட்கள் மட்டும் இயங்கியபோது நாம் தேவைக்காகப் பழகிய கலப்பு வகுப்பு (சிலர் வகுப்பறையிலும் மற்றோர் வீட்டிலிருந்தும் ஒரே பாடத்தைக் கற்பது), மாரி வெள்ளத்தால் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் பாதைகள் தடைப்படும் நாட்களில் இன்றும் கைகொடுக்கிறது. ஆனால், மாணவர் தாமே அறிவைக் கட்டியெழுப்ப வேண்டும் என்னும் கட்டுருவாக்கவாதக் கற்பித்தல் அங்கே வீட்டிலிருக்கும் பிள்ளைக்கும் நிறைவளிக்கிறதா என்பதைத் தனியே கேட்டறிய வேண்டும்.

முதலில், கேட்பதற்குத் தகுந்த ஒரு பாடத்தை நடத்துங்கள். தரம் 10 அளவில் அடர்த்தியைக் கற்பிக்கும்போது, ஒரு முனையைக் களிமண்ணால் அடைத்த உறிஞ்சுகுழாயை கிணற்று நீரிலும் உவர்ப்பான வாவி நீரிலும் மிதக்கவிட்டு, நீர்மட்டத்தைப் பேனையால் குறிக்கச் செய்யலாம். குறிப்பதற்கு முன்னரே எதிர்வுகூறலை எழுதி வாங்குங்கள். "உப்புத் தண்ணி பாரம், அதனால கூடத் தாழும்" என்று பலர் எழுதுவர். குழாய் வாவி நீரில் சற்று உயர்ந்து நிற்பதைக் கண்டதும் எழும் வாக்குவாதமே உண்மையான பாடம். வாவிக்கு அருகில் வசிக்கும் பிள்ளை தன் வீட்டு வாளியில் எடுத்த அளவீட்டை வட்ஸ்அப்பில் அனுப்பட்டும். அது இல்லாமல் வகுப்பறைக் குழு முடிவெழுத முடியாதபடி வேலையைப் பிரித்துக்கொடுங்கள். வீட்டிலிருப்பவரை வெறும் பார்வையாளராக்கும் பாடத்தை நான் கலப்பு வகுப்பு என்று ஏற்பதில்லை.

அடுத்து, கேள்வி. "பாடம் பிடிச்சதா?" என்றால் "ஓம் சேர், நல்லம்" என்றே பதில் வரும்; அது மரியாதையே அன்றித் தகவல் அன்று. கல்வி ஆய்வாளர்களான பீற்றர் டெயிலரும் பரி ஃபிரேசரும் பிறரும் உருவாக்கிய கட்டுருவாக்கக் கற்றற்சூழல் வினாக்கொத்து ஐந்து கோணங்களில் விசாரிக்கிறது: பாடம் வாழ்வோடு தொடர்புறுகிறதா, அறிவு மாறக்கூடியது என உணர்கிறார்களா, ஆசிரியரின் முறையைக் கேள்வி கேட்க முடிகிறதா, கற்றலைத் திட்டமிடுவதில் பங்குண்டா, சகமாணவருடன் கருத்தாட முடிகிறதா. அதன் முப்பது கூற்றுகளையும் ஒரே நாளில் கொடுக்க வேண்டியதில்லை. கோணத்துக்கு ஒன்றாக ஐந்தை எடுத்து, 'அநேகமாக எப்போதும்' முதல் 'அநேகமாக ஒருபோதும் இல்லை' வரையான ஐந்து படிகளில் விடை கேட்டால் பத்து நிமிடம் போதும். தாளில் பெயர் வேண்டாம்; வகுப்பில் இருந்தாரா வீட்டில் இருந்தாரா என்பதை மட்டும் குறிக்கட்டும். கூகிள் படிவத்தில் மின்னஞ்சல் பதிவாகாதபடி அமைத்துவிடுங்கள்.

வகுப்பில் இருந்தோர், வீட்டில் இருந்தோர் எனத் தாள்களைக் கட்டாயம் இரண்டாகப் பிரித்தே எண்ணுங்கள், ஏனெனில் மொத்தச் சராசரி வீட்டுப் பிள்ளையின் குறையை விழுங்கிவிடும். கருத்தாடல் வீட்டுப் பக்கத்தில் மட்டும் தாழ்ந்திருந்தால் கோளாறு முறையில் இல்லாமல் ஒலிவாங்கியிலோ டேட்டாவிலோ இருக்கலாம். இரு பக்கமும் தாழ்ந்திருந்தால் நாமே அதிகம் பேசியிருக்கிறோம். எதை மாற்றுகிறீர்கள் என்பதை அடுத்த பாடத்தின் தொடக்கத்தில் மாணவரிடமே சொல்லிவிட்டு, மூன்று வாரங்களின் பின் அதே ஐந்து கூற்றுகளை மீண்டும் கொடுங்கள்.