பள்ளிப் பிள்ளையின் எடையை வீட்டிலேயே கணக்குப் பார்ப்பது எப்படி?

"கொழுகொழுன்னு இருந்தாத்தான் பிள்ளைக்கு அழகு" என்று சொந்தக்காரர்கள் சொல்வதை வைத்து எடையை முடிவு செய்ய முடியாது. அளந்து பாருங்கள்.

1. அளவு

எடைக்கு டிஜிட்டல் மெஷின் வாங்குங்கள். முள் ஓடும் மெஷின் வேண்டாம். பாய் மேல் வைக்காமல் வெறும் தரையில் வையுங்கள். காலையில், சாப்பிடும் முன் பாருங்கள்.

உயரத்தில்தான் பலருக்கும் பிசகும். சுவரின் அடியில் ஒட்டியிருக்கும் டைல்ஸ் பட்டை குதிகாலை முன்னே தள்ளிவிடும். அதனால் பட்டை இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். கொண்டை, பின்னல் இருந்தால் அவிழ்த்துவிடுங்கள். தையல்கடை டேப் நாளடைவில் இழுபடும். இரும்பு டேப்தான் நல்லது. உச்சந்தலையில் கெட்டி அட்டைப் புத்தகத்தை வைத்து, அதன் முதுகு சுவரோடு ஒட்டியிருக்கும்போது பென்சிலால் கோடு போடுங்கள்.

2. கணக்கு

எடையை (கிலோ) உயரத்தால் (மீட்டர்) இருமுறை வகுத்தால் வருவது பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கேற்ற எடையா என்று காட்டும் எண். 10 வயதுப் பையன், 140 செ.மீ., 40 கிலோ என்றால் 20.4. செல்போன் ஆப்கள் பலவும் இதை 'நார்மல்' என்று காட்டும், ஏனென்றால் அது பெரியவர்களுக்கான கணக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் 2007 அட்டவணைப்படி 10 வயதுப் பையனுக்கு 18.5ஐத் தாண்டினாலே அதிக எடை, 21.4ஐத் தாண்டினால் உடல்பருமன். பெண்பிள்ளைக்கு 19, 22.6. அதே பையனை 136 செ.மீ. என்று தவறாக அளந்தால் 21.6 வந்து உடல்பருமன் என்றே காட்டிவிடும். அதனால் உயரத்தை மூன்று முறை அளந்து பாருங்கள்.

3. இலக்கு

வளரும் பிள்ளையைப் பட்டினி போடாதீர்கள். எடை ஏறாமல் நின்றாலே பெரும்பாலும் போதும். அந்தப் பையன் 40 கிலோவிலேயே நின்று ஒரு வருடத்தில் 5 செ.மீ. வளர்ந்தால் பி.எம்.ஐ. 19, 11 வயதில் அதிக எடைக்கான எல்லை 19.2, அதற்குள் வந்துவிடுவான். எடையை மாதம் ஒருமுறை, உயரத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை குறித்து வையுங்கள்.

4. சாப்பாடு

முதலில் மாற்ற வேண்டியது மாலை நாலரை மணித் தீனி. பழம்பொரி (வாழைப்பழ பஜ்ஜி), ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸுக்குப் பதில் அவித்த ஏத்தம்பழம் பாதி, அல்லது ஒரு கிண்ணம் சிறுபயறு. மரச்சீனிக்கிழங்கு (மரவள்ளி) தாராளமாகச் சாப்பிடலாம், ஆனால் அது சோற்றுக்குப் பதிலாக. சோறும் கிழங்கும் ஒரே தட்டில் வேண்டாம். சாளை, நெத்திலியைப் பொரிப்பதைவிடக் குழம்பு வையுங்கள். தேங்காய் எண்ணெயையும் சேர்த்து, நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 2 லிட்டர் எண்ணெய் போதும். 250 மி.லி. குளிர்பானத்தில் ஏறத்தாழ ஐந்து தேக்கரண்டி சீனி இருக்கிறது. அதை வீட்டில் வாங்கியே வைக்காதீர்கள்.

பள்ளியைச் சுற்றி 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சீனி மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று 2020 உணவுப் பாதுகாப்பு விதி சொல்கிறது. பெற்றோர் கூட்டத்தில் இதைக் கேளுங்கள்.

5. விளையாட்டு

தினமும் 60 நிமிடம், டியூஷனுக்கு முன்னாலேயே. நம் குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்வதால் ஸ்கிப்பிங் கயிறு ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

பிறகு சேர்த்தது: பலரும் கேட்பது கழுத்துக் கறுப்பைப் பற்றி. பின்கழுத்து தடித்துக் கறுத்து, தேய்த்துக் குளித்தும் போகாவிட்டால் அது அழுக்கல்ல. இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம். குறட்டையின் நடுவே மூச்சு நிற்பது, இடுப்பு, முட்டு வலியால் நொண்டுவது, எடை கூடியும் உயரம் ஏறாதது, இவற்றில் எது இருந்தாலும் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ உங்கள் குழந்தை மருத்துவரிடமோ காட்டுங்கள். குறித்து வைத்த அளவுகளையும் கொண்டுபோங்கள்.