ஸ்கோப் இருந்தாலே ஸ்னைப்பரா?

போர்ச் செய்தியில் ஸ்கோப் மாட்டிய துப்பாக்கிப் படம் வந்தால் போதும், கீழே 'ஸ்னைப்பர்' என்று எழுதிவிடுகிறோம். மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

ஸ்னைப்பர் பெரும்பாலும் ஒரு துணையாளோடு தனியே போய், மணிக்கணக்கில் பதுங்கிக் கிடப்பவர். அதேபோல ஸ்கோப் வைத்திருக்கும் டெசிக்னேட்டட் மார்க்ஸ்மேன், அதாவது அணிக்குள்ளேயே தூரத்துக் குறிகளுக்கென நியமிக்கப்பட்டவர், தன் அணியை விட்டுப் பிரிவதில்லை. அணியோடு நடக்கிறார், அணியோடு வீட்டுக்குள் நுழைகிறார். கூட இருப்பவர்களின் ரைஃபிளுக்குக் கடினமான தூரத்தை, ஏறக்குறைய 300 முதல் 600 மீட்டர் வரை, அவர் பார்த்துக்கொள்கிறார். அடுத்தடுத்துச் சுட வேண்டியிருப்பதால் ஒவ்வொரு முறையும் போல்ட்டைக் (தோட்டாவை உள்ளே தள்ளும் தாழை) கையால் இழுத்துக்கொண்டிருக்க முடியாது. ஒரு குண்டு சுட்டதும் அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக்தான் சரிப்படும்.

காலிபர், அதாவது குண்டின் விட்டம், பெரிதாக இருந்தால்தான் நல்லது என்பது அடுத்த தவறு. அமெரிக்கச் சிறப்புப் படைகள் ஆப்கானிஸ்தானிலும் ஈராக்கிலும் பயன்படுத்திய மார்க் 12 ரைஃபிள், சாதாரண வீரரின் எம்4 ரைஃபிள் சுடும் அதே 5.56 மி.மீ. தோட்டாவைத்தான் சுடுகிறது. எம்4-இன் குழல் 14.5 அங்குலம், இதற்கு 18. வழக்கமான குண்டின் எடை 62 கிரெயின். இதற்கென வந்த மார்க் 262 தோட்டாவில் 77 கிரெயின், அதாவது சுமார் 5 கிராம். முக்கியமான விஷயம், கையிருப்பு தீர்ந்தால் பக்கத்தில் நிற்பவரின் மேகசினை (தோட்டா அடைத்த பெட்டியை) வாங்கி மாட்டிக்கொள்ளலாம். சண்டை நடுவே இது எவ்வளவு பெரிய உதவி!

இந்த ரைஃபிளில் சப்ரஸர் (சுடும் சத்தத்தைக் குறைக்கும் குழாய்) மாட்டியிருப்பதைப் பார்த்து 'சத்தமே வராது' என்று எழுதுவார்கள். குண்டு ஒலியைவிட இரண்டு மடங்குக்கும் மேலான வேகத்தில் போகிறது. அது காற்றைக் கிழிக்கும் வெடிச்சத்தத்தை எந்த சப்ரஸரும் அடக்காது.

அதிகம் குழம்புவது டிராகுனோவ் விஷயத்தில். 1963-இல் சோவியத் படை ஏற்ற எஸ்விடி, அதாவது 'டிராகுனோவ் ஸ்னைப்பர் ரைஃபிள்', இது. இந்திய ராணுவத்திலும் உண்டு. பெயரிலேயே 'ஸ்னைப்பர்' இருந்தாலும், காலாட்படையோடு கூடவே போவதற்காகச் செய்யப்பட்டது. 'நீட்டிய ஏகே-47' என்பார்கள். வெளித்தோற்றம் அப்படித்தான், உள்ளே வேறு. ஏகேயில், சுட்டதும் எழும் வாயு தள்ளும் கனமான பிஸ்டன், போல்ட்டைத் தாங்கி நகரும் போல்ட் கேரியரோடு ஒட்டி, முழுத் தூரமும் போய்வரும். எஸ்விடியில் பிஸ்டன் தனி, லேசானது. சிறிது தூரம் நகர்ந்து தட்டிவிட்டு நின்றுவிடும். அசையும் எடை குறைந்தால் குறி கலைவதும் குறையும். உண்மையிலேயே ஏகே வழியில் வந்தது ருமேனியாவின் பிஎஸ்எல். படத்தில் இரண்டையும் பிரிக்க மேகசினைப் பாருங்கள்: பிஎஸ்எல்லில் பெரிய எக்ஸ் வடிவம், எஸ்விடியில் கட்டம் கட்டமான புடைப்பு.

அப்புறம் தூரம். எஸ்விடியின் பிஎஸ்ஓ-1 ஸ்கோப்புக்குள் பார்த்தால், இடது கீழ்மூலையில் ஒரு நேர்கோடு, அதன்மேல் வளைந்து இறங்கும் புள்ளிக்கோடு, கூடவே 2, 4, 6, 8, 10 என்ற எண்கள். 1.7 மீட்டர் உயர மனிதனின் கால் நேர்கோட்டிலும் தலை வளைகோட்டிலும் எந்த எண்ணருகே பொருந்துகிறதோ, அத்தனை நூறு மீட்டர். நடுவில் ஒன்றன்கீழ் ஒன்றாக அம்புமுனைகள். மேலே உள்ளது வழக்கமான குறி, கீழே உள்ள மூன்றும் 1,100, 1,200, 1,300 மீட்டருக்கு. இதைப் படித்துவிட்டு '1,300 மீட்டரில் ஆளை வீழ்த்தும்' என்று எழுதிவிடுகிறார்கள். ஸ்கோப்பில் கோடு இருப்பது வேறு, அந்தத் தூரத்தில் 4 மடங்கு உருப்பெருக்கத்தோடு ஒருவரைச் சரியாகச் சுடுவது வேறு.