படிக்கிற காலத்துல பழைய பைக்கை கையாலயே ரெடி பண்றது: காசை எதுல போடணும், எதுல போடக்கூடாது

பழைய வண்டி ஒண்ணு வாங்கி நாமளே சரி பண்ணி ஓட்டணும்னு ஆசைப்படுற பசங்க நெறைய பேர், ஆனா அதுல பல வண்டி கடைசி வரைக்கும் ரோட்டுக்கே வர்றதில்ல, சாக்குப்பையிலயும் அட்டைப்பெட்டியிலயும் நட்டு போல்ட்டா கிடக்கும். பணம் இல்லாம நின்னுபோச்சுன்னு சொல்லுவாங்க. பெரும்பாலும் உண்மையான காரணம், மொத வாரமே மொத்த வண்டியையும் கழட்டிப் போட்டதுதான். கழட்டினதும் எல்லா பார்ட்டும் தேஞ்சதா தெரியும், எல்லாத்தையும் புதுசா வாங்கணும்னு தோணும், அதுக்குள்ள பரீட்சை வந்துடும், எந்த போல்ட்டு எங்க இருந்துச்சுன்னு மறந்துபோகும். அதனால காசு கம்மியா இருக்கவங்களுக்கு நான் சொல்ற ஒரே வழி இதுதான்: வண்டியை முழுசா நிக்க வச்சுக்கிட்டே ஒரு நேரத்துல ஒரு பகுதியை மட்டும் கழட்டி, அதை முடிச்சு மாட்டிட்டு அடுத்ததுக்கு போங்க. மொதல்ல இன்ஜின் ஓடணும், அடுத்து பிரேக் பிடிக்கணும், அப்புறம் லைட் எரியணும், பெயின்ட்டு கடைசி.

எந்த வண்டி வாங்குறதுங்கறதுலயே பாதி செலவு முடிவாயிடும். அபூர்வமான மாடல் ஃபோட்டோவுல அழகா இருக்கும், ஆனா ஒரு கிளட்ச் கேபிளுக்கு மாசக்கணக்குல அலைய வைக்கும். ரொம்ப வருஷம் ஒரே இன்ஜினோட ஓடின, லட்சக்கணக்குல வித்த சின்ன சிங்கிள் சிலிண்டர் வண்டியா பாருங்க. ஹோண்டா சூப்பர் கப் 1958-ல வந்துச்சு, 2017-ல உற்பத்தி 10 கோடியைத் தாண்டிடுச்சு, அந்த மாதிரி வண்டிக்கு ஸ்பேர் கிடைக்காம போறது கஷ்டம். டூ ஸ்ட்ரோக்கா ஃபோர் ஸ்ட்ரோக்கான்னு கேட்டா, டூ ஸ்ட்ரோக்ல வால்வு, கேம் எதுவும் இல்லாததால மேல்பக்க வேலை ஈஸி, ஆனா வருஷக்கணக்குல நின்ன வண்டியில கிராங்க் ஆயில் சீல் காஞ்சு இறுகியிருக்கும், அது வழியா காத்தை இழுத்து பெட்ரோல் விகிதம் கொறஞ்சு பிஸ்டன் பிடிச்சுக்கும், அந்த சீலை மாத்த பல வண்டியில இன்ஜினையே பிரிக்கணும். அதையும் கணக்குல வச்சுக்கோங்க.

பார்க்கப் போறப்ப மொதல்ல பேப்பரைப் பாருங்க. சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் பேப்பர்ல இருக்கறதோட பொருந்தலைன்னா எவ்வளவு மலிவா கொடுத்தாலும் வேண்டாம். அடுத்து ஹேண்டில் பக்கத்துல ஃபிரேம் சேர்ற இடத்துல விரிசலோ புது வெல்டிங்கோ இருக்கான்னு பாருங்க. அப்புறம் டாப் கியர் போட்டு பின்சக்கரத்தை மெதுவா ஆட்டிப் பாருங்க, இன்ஜின் சுத்துதான்னு தெரிஞ்சிடும். பெயின்ட்டு போனது, சீட்டு கிழிஞ்சது, மேல்துரு இதெல்லாம் பார்த்து பயப்பட வேண்டாம், அதைக் காட்டியே விலையைக் கொறைங்க. குறையற பாகம் எத்தனைன்னு மட்டும் எண்ணிப் பாருங்க, சைடு கவர், டேங்க் மூடி, கார்புரேட்டர்னு ஒவ்வொண்ணா தேடி வாங்குனா வண்டி விலையைவிட அது அதிகமாயிடும்.

டூல்ஸ் மொத்தமா வாங்காதீங்க. நல்ல சாக்கெட் செட் ஒண்ணு (ஆறு முனை உள்ளது, பன்னிரண்டு முனை துருப்பிடிச்ச போல்ட்டை ரவுண்டாக்கிடும்), இம்பேக்ட் டிரைவர் (சுத்தியலால அடிச்சா திரும்பற திருப்புளி), மல்டிமீட்டர், ஃபீலர் கேஜ் (சின்ன இடைவெளியை அளக்குற மெல்லிய தகடுங்க), இது போதும். எவ்வளவு இறுக்கம்னு அளந்து டைட் பண்ற டார்க் ரெஞ்சை யார்கிட்டயாவது கேட்டு வாங்கிக்கலாம். ஜப்பான் வண்டி ஸ்க்ரூ எல்லாம் பார்க்க சாதா ஸ்டார் மாதிரி இருக்கும், ஆனா அது ஜேஐஎஸ்னு ஜப்பான் தரத்துல வேற அளவு, சாதா ஸ்டார் திருப்புளி முழுசா உட்காராம வழுக்கி தலையை அரைச்சிடும், அதனால ஒரு ஜேஐஎஸ் திருப்புளி வாங்குறது கண்டிப்பா பிரயோஜனம். அந்த மாடலோட சர்வீஸ் மேனுவலைத் தேடி எடுத்து வச்சுக்கோங்க. இங்க நான் சொல்ற அளவெல்லாம் பொதுவானது, உங்க வண்டிக்கு மேனுவல் சொல்றதுதான் கணக்கு.

கழட்டும்போது ஒவ்வொரு படிக்கும் ஃபோன்ல ஃபோட்டோ எடுங்க. இன்ஜின் சைடு கவர் ஸ்க்ரூ ஒவ்வொண்ணும் வேற வேற நீளம், இடம் மாத்தி நீளமானதைச் சின்ன ஓட்டையில போட்டு டைட் பண்ணா இன்ஜின் கேஸ்ல விரிசல் விழுந்துடும், அதனால ஒரு அட்டையில கவரோட வடிவத்தை வரைஞ்சு ஓட்டை போட்டு, எந்த ஸ்க்ரூ எங்க இருந்துச்சோ அங்கயே குத்தி வைங்க. வராத போல்ட்டுக்கு துரு கழட்டுற ஆயில் அடிச்சு ஒரு ராத்திரி விடுங்க, சுத்தியலால தலையில ரெண்டு தட்டு தட்டுங்க, மொதல்ல லேசா டைட் பண்ற பக்கம் அசைச்சுட்டு அப்புறம் லூஸ் பண்ணுங்க. அவசரப்பட்டு உடைச்சா லேத் கடை செலவு.

இன்ஜின் ஜாம் ஆகியிருந்தா கிக்கரை ஏறி மிதிக்காதீங்க, கிக் கியர் பல்லு போயிடும். பிளக்கைக் கழட்டிட்டு அந்த ஓட்டை வழியா ஆட்டோமேட்டிக் கியர் கார்ல ஊத்துற ஏடிஎஃப் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்து ஊத்தி சில நாள் விடுங்க (அசிட்டோன் சட்டுன்னு தீப்பிடிக்கும், பக்கத்துல நெருப்பு கூடாது), தினமும் டாப் கியர்ல போட்டு பின்சக்கரத்தை முன்னும் பின்னும் கொஞ்சமா ஆட்டுங்க. விட்டுக்கொடுத்ததும் பிளக் போடாமயே சுத்தி உள்ள இருக்கறதை வெளிய தள்ளிடணும், அடுத்து இன்ஜின் ஆயிலையும் மாத்தணும், ஊத்துனதுல கொஞ்சம் பிஸ்டன் ரிங் வழியா கீழ இறங்கியிருக்கும்.

ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கு பார்க்க வேண்டியது மூணுதான்: கம்ப்ரஷன், கரண்ட், பெட்ரோல். கம்ப்ரஷன் கேஜை பிளக் ஓட்டையில மாட்டி, ஆக்ஸிலேட்டரை முழுசா திறந்து வச்சு முள்ளு மேல ஏறாம நிக்கிற வரைக்கும் கிக் அடிங்க. சின்ன ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில பொதுவா 120 பிஎஸ்ஐக்கு மேல வந்தா தைரியமா அடுத்த வேலைக்குப் போலாம். கொறைவா இருந்தா உடனே சிலிண்டரைக் கடைஞ்சு போர் போட ஓடாதீங்க, மொதல்ல வால்வு கிளியரன்ஸைப் (வால்வுக்கும் அதைத் தள்ளுற பாகத்துக்கும் நடுவுல இருக்க சின்ன இடைவெளி) பாருங்க, கிளியரன்ஸ் இல்லாம டைட்டா இருந்தா வால்வு முழுசா மூடாம கம்ப்ரஷன் கசியும், அதை அட்ஜஸ்ட் பண்ண ஃபீலர் கேஜ் தவிர செலவே கிடையாது. அதுக்கப்புறமும் கொறைவுன்னா ஒரு டீஸ்பூன் ஆயிலை சிலிண்டர்ல விட்டு திரும்ப பாருங்க, நம்பர் ஏறினா ரிங் பக்கம் கோளாறு, ஏறலைன்னா வால்வு இல்ல ஹெட் கேஸ்கட். இந்த ஒரு டெஸ்ட்டு தேவையில்லாம இன்ஜினைப் பிரிக்கிறதுல இருந்து காப்பாத்தும்.

கரண்ட்டுக்கு, பிளக்கை கேப்போட இன்ஜின் மேல நல்லா எர்த் ஆகுற மாதிரி வச்சு, பிளக் ஓட்டைக்குத் தள்ளியே வச்சு கிக் அடிங்க. நல்ல நீலப் பொறி வரணும். சிடிஐ வண்டியில (எலக்ட்ரானிக் பாக்ஸ் வழியா பொறி வர்றது) எர்த் இல்லாம அடிச்சா காயிலோ சிடிஐயோ போக வாய்ப்பிருக்கு. பாயிண்ட் வண்டின்னா (திறந்து மூடுற காண்டாக்ட் வழியா பொறி வர்ற பழைய வகை) பாயிண்ட் முகத்தை நைஸ் சால்ட் பேப்பர்ல தேய்ச்சு, அதோட இடைவெளியை மேனுவல்படி வச்சா பல நேரம் பொறி தானா வந்துடும்.

கார்புரேட்டர்தான் நின்ன வண்டியோட பெரிய எதிரி. பழைய பெட்ரோல் காஞ்சு பிசினா ஒட்டியிருக்கும். சோக் போட்டா ஓடுது, சோக்கை எடுத்தா நின்னுடுதுன்னா பெரும்பாலும் ஐடிலிங்ல பெட்ரோல் விடுற பைலட் ஜெட் அடைப்பு, அதோட ஓட்டை ரொம்ப சின்னது, வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தா வட்டமா தெரியணும். இரும்புக் கம்பி விட்டு குத்தாதீங்க, ஜெட் பித்தளை, ஓட்டை பெருசாயிட்டா அப்புறம் எந்த டியூனிங்கும் நிக்காது. ஒயர்ல இருந்து உருவின ஒத்தை செம்பு இழை, கார்ப் கிளீனர், காத்து, இது போதும். கிளீனர் அடிக்கிறதுக்கு முன்னாடி ரப்பர் ஓ ரிங்கு, டயஃப்ரம் எல்லாம் வெளிய எடுத்துடுங்க, ஊதிப்போயிடும். மிக்ஸர் ஸ்க்ரூவை (காத்து பெட்ரோல் கலவையை அட்ஜஸ்ட் பண்றது) கழட்டுறதுக்கு முன்னாடி மெதுவா முட்டுற வரைக்கும் உள்ள திருகி எத்தனை சுத்துன்னு எழுதி வைங்க, பழசு தெரியலைன்னா முட்டின இடத்துல இருந்து ஒன்றரை சுத்து வெளிய திருகி ஆரம்பிக்கலாம். இன்ஜினுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவுல இருக்க ரப்பர் வெடிச்சிருந்தா நீங்க எவ்வளவு கிளீன் பண்ணாலும் ஐடிலிங் நிக்காது.

டேங்க் உள்ள துரு இருந்தா, பெட்ரோலை வெட்டவெளியில வச்சு காலி பண்ணிட்டு, சோப்புத்தண்ணி விட்டு நல்லா கழுவி, பெட்ரோல் டேப்பைக் (குழாயை) கழட்டி அந்த ஓட்டையை அடைச்சு, சாதா வினிகரை நிறைய ஊத்தி ஒண்ணு ரெண்டு நாள் விடுங்க. கொஞ்சம் நட்டு உள்ள போட்டு குலுக்குனா கெட்டித் துரு உதிரும், போட்டதை எண்ணி வச்சுக்கிட்டு அத்தனையும் திரும்ப எடுங்க. அப்புறம் சமையல் சோடா கலந்த தண்ணியில கழுவி உடனே காய வைக்கணும், ஈரமா விட்டா கண்ணு முன்னாடியே திரும்ப துரு பூக்கும், காஞ்சதும் கொஞ்சம் டூ டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் வண்டி ஆயில்) விட்டு சுழட்டி வைங்க. டேங்க்ல ஓட்டைன்னா நீங்களா வெல்டிங் வைக்காதீங்க, காலி டேங்க்லயும் பெட்ரோல் ஆவி இருக்கும், வெடிக்கும்.

மொத ஸ்டார்ட்டு காத்தோட்டமான இடத்துல, புது பெட்ரோல்ல, தீயணைப்பான் பக்கத்துல வச்சுப் பண்ணுங்க. மூடின ரூம்ல புகை ஆளைக் கொன்னுடும். ஓடினதும் கொஞ்ச நேரத்துல ஆயிலை மாத்திடுங்க, உள்ள இருந்த அழுக்கு எல்லாம் அதுல வந்திருக்கும். கிளட்ச் ஆயில்ல முங்கி ஓடுற வண்டிக்கு டப்பாவுல ஜேஏஎஸ்ஓ எம்ஏ இல்ல எம்ஏ2-ன்னு (பைக் ஆயிலுக்கான ஜப்பான் தரக்குறி) போட்ட ஆயில் வேணும், கார் ஆயில் சிலது கிளட்ச்சை வழுக்க வச்சிடும்.

இன்ஜின் ஓடின சந்தோஷத்துல ஒரு ரவுண்டு போயிட்டு வர தோணும். தயவுசெஞ்சு பிரேக் வேலை முடியாம போகாதீங்க. கையில இருக்க காசு பிரேக்குக்கும் டயருக்கும் மட்டும்தான் வரும்னா அதுக்கே போடுங்க, இந்த ரெண்டுலயும் செகண்ட் ஹேண்ட் பார்ட்டு வேண்டவே வேண்டாம். டிரம் பிரேக்கைத் திறந்தா பழைய ஷூ தூள்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், காத்து அடிச்சு ஊதாம ஈரத்துணியால துடைங்க. ஷூ மேல இருக்க லைனிங் தேஞ்சு 2 மில்லிமீட்டர்தான் மிச்சம்னா மாத்துங்க. டிஸ்க்ல காலிப்பர் பிஸ்டன் இறுகியிருந்தா கட்டிங் பிளேயர் போட்டு இழுக்காம, காலிப்பரை ஹோஸோடயே விட்டு பிரேக் லிவரை அமுக்கி அமுக்கி ஆயில் பிரஷர்லயே வெளிய தள்ளுங்க. பிரேக் ஆயில் காத்துல இருக்க ஈரத்தை உறிஞ்சும், அதனால பழசை நம்பக்கூடாது, திறந்து கிடந்த டப்பாவும் வேண்டாம், பெயின்ட்டு மேல பட்டா உரிச்சிடும்.

டயர் பக்கவாட்டுல கடைசி நாலு எண்ணைப் பாருங்க. 2319னு இருந்தா 2019-ம் வருஷம் 23-வது வாரம் செஞ்சது. பட்டன் முழுசா இருந்தாலும் பழைய ரப்பர் இறுகிப்போய் ஈர ரோட்டுல வழுக்கும்.

இனி காசு மிச்சம் பண்ற இடம். சக்கர பேரிங்குக்கு கம்பெனி ஸ்பேர் தேடாதீங்க, பேரிங் மேலயே 6202, 6301 மாதிரி நம்பர் இருக்கும், அது உலகம் முழுக்க ஒரே அளவு, 6202-ன்னா உள்விட்டம் 15, வெளிவிட்டம் 35, அகலம் 11 மில்லிமீட்டர். பேரிங் கடையில நம்பரைச் சொல்லி நல்ல பிராண்டு வாங்கலாம், பெரும்பாலும் ஸ்பேர் விலையைவிட கம்மியா வரும். ஆயில் சீலும் அப்படித்தான், மேல மூணு அளவு போட்டிருக்கும். சைடு கவர் கேஸ்கட்டை கேஸ்கட் பேப்பர் வாங்கி நாமளே வெட்டிக்கலாம். ஹெட் கேஸ்கட் மட்டும் புதுசு வாங்கணும்.

ஒயரிங்கை வெட்டி எறியாதீங்க. பழைய வண்டியில நெறைய கோளாறு எர்த்துலயும் பச்சை பூத்த கனெக்டர்லயும்தான் இருக்கும், பிரிச்சு சால்ட் பேப்பர் போட்டு தேய்ச்சு மாட்டினாலே பாதி லைட் எரிய ஆரம்பிக்கும். ஃபியூஸ் திரும்பத் திரும்ப போகுதுன்னா ஃபியூஸ் இடத்துல ஒரு பழைய ஹெட்லைட் பல்பை மாட்டுங்க, ஷார்ட் இருந்தா பல்பு பளிச்சுன்னு எரியும், ஒவ்வொரு ஒயரா கழட்டிட்டே வாங்க, எதைக் கழட்டினதும் வெளிச்சம் கொறையுதோ அந்த லைன்லதான் கோளாறு. 12 வோல்ட் பேட்டரி முழு சார்ஜ்ல 12.6 கிட்ட காட்டணும், இன்ஜின் கொஞ்சம் ரேஸ்ல ஓடும்போது 13.5-ல இருந்து 14.5 வரைக்கும் வரணும், 15-ஐத் தாண்டினா ரெகுலேட்டரைப் பாருங்க, இல்லைன்னா புது பேட்டரியைக் கொதிக்க வச்சிடும்.

பெயின்ட்டுக்கு பெரிய செலவு வேண்டாம். குரோம்ல மேல்துருவுக்கு அலுமினியத் தாளைத் தண்ணியில நனைச்சு தேய்ச்சாலே போயிடும். டேங்க்குக்கு ஸ்ப்ரே கேன் போதும், மேல பூசுற கிளியர் கோட் மட்டும் ரெண்டு பாகம் கலக்குற டூ கே வாங்குங்க, சாதாது பெட்ரோல் சிந்தினா கரைஞ்சு வரும். டூ கே அடிக்கும்போது அதுக்கான ஃபில்டர் மாஸ்க் இல்லாம நிக்காதீங்க, நுரையீரலை நிரந்தரமா கெடுக்கக்கூடிய ரசாயனம் அது, மாஸ்க்குக்கு காசு இல்லைன்னா அந்த ஒரு வேலையை பெயின்ட்டர்கிட்ட கொடுத்துடுங்க.

ஓட ஆரம்பிச்சு மொத 100 கிலோமீட்டருக்குள்ள எல்லா நட்டு போல்ட்டையும், ஸ்போக்கையும், செயின் தொய்வையும் திரும்ப ஒரு தடவை பாருங்க. ஹெட் போல்ட்டு கழட்டி மாட்டியிருந்தா இன்ஜின் ஆறின பிறகு டார்க்கும் வால்வு கிளியரன்ஸும் மறுபடி செக் பண்ணணும், புது கேஸ்கட் அமுங்கி அளவு மாறியிருக்கும்.